இஸ்தான்புல் நாட்குறிப்பு: ஆறு தோனும் நிலமும் ஒரு தாளும்

முதல் நாள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனை எங்கே கொண்டுபோய் விட்டாலும் கால் பத்திரம் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். என் மகள் இதை இன்று காலை பத்து மணிக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் போட்ட திட்டப்படி முதல் நாள் நீல மசூதி, ஆயா சோபியா, நேரம் இருந்தால் நிலத்தடி நீர்த்தொட்டி. விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு சுல்தான்அஹ்மெத் சதுக்கத்துக்கு நடந்தோம். பைசாந்தியர் காலத்தில் தேர்ப்பந்தயம் ஓடிய திடல் இது. எகிப்திலிருந்து கொண்டுவந்த கல்தூண் ஒன்று நடுவில் நிற்கிறது. எல்லாரும் தூணையும் மசூதியின் ஆறு மினார்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றேன். கூர்வளைவு ஜன்னல்களும் பூவேலை ஓடுகளுமாக ஒரு பெரிய கட்டடம். அரண்மனை என்று சொல்ல முடியாது, மசூதியும் இல்லை. வரிசையாக ஜன்னல் வைத்த அந்தக் கண்டிப்பு எனக்குப் பழக்கமானது.

“அது என்னம்மா கட்டடம்?”

போனைப் பார்த்து, “பழைய நிலப்பதிவு ஆபீஸாம்ப்பா” என்றாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தெஃப்தெர்-இ ஹாகானி என்று பெயர். அரசப் பேரேடு என்று பொருள் சொல்லலாம். தெஃப்தெர் என்பது நம் கச்சேரிகளில், அதாவது பழைய அரசு அலுவலகங்களில், புழங்கிய ‘தப்தர்’தான். வெதாத் தெக் என்ற கட்டடக்கலைஞர் கட்டியது, 1908. சிர்கெஜியில் இருக்கும் பெரிய தபால் நிலையமும் இவர் கைவேலையே. உஸ்மானியப் பேரரசு இருந்தபோது, பால்கன் மலையிலிருந்து ஈராக் வரை எந்த வயல் யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற கணக்கின் தலைமைக் கச்சேரி இங்கேதான் இருந்தது. இப்போது உள்ளே பேரேடு எதுவும் கிடையாது. 2023 முதல் இது ஆயா சோபியாவின் வரலாற்றை ஒலி ஒளியோடு காட்டும் அருங்காட்சியகம்.

அதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. 2020 ஜூலையில் துருக்கியின் உயர் நிர்வாக நீதிமன்றம், மசூதியாக இருந்த ஆயா சோபியாவை அருங்காட்சியகமாக்கிய 1934-ஆம் ஆண்டு அமைச்சரவை ஆணையை ரத்து செய்தபோது எடுத்துக்காட்டிய ஆவணங்களில் ஒன்று 1936-இல் பதிவான பத்திரம். கட்டடம் இரண்டாம் மெஹ்மெத் சுல்தானின் வக்ஃபு பெயரில், மசூதி என்ற வகையில் பதிவாகியிருந்தது. தீர்ப்பு சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கில் ஒரு பதிவு எழுத்தரின் வரி பேசியது என்பதில் எனக்குச் சின்னப் பெருமை. அவரும் மத்தியானம் மூன்று மணிக்குத் தூக்கம் வந்துதான் எழுதியிருப்பார்.

பிற்பகல் தொப்காபி அரண்மனை. பொக்கிஷ அறையில் அப்படி ஒரு கூட்டம். நாங்கள் மந்திரிசபை கூடிய ‘குப்பெயால்த்தி’யில் நின்றோம். ‘குவிமாடத்தடி’ என்று அப்படியே தமிழாக்கிக்கொள்ளலாம். சபை கூடிய அறை, அதை ஒட்டி எழுத்தர்கள் அறை, அதற்கடுத்து பேரேட்டு அறை. நிலக் கணக்கேட்டில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் நிஷாஞ்ஜி என்ற ஒரே ஓர் அதிகாரிதான் தன் கையால் திருத்தலாம். சுல்தானின் துக்ரா என்ற கையொப்பச் சின்னத்துக்குப் பொறுப்பாளரும் அவரே. திருத்தத்துக்கு அடியில் கையொப்பமில்லாமல் வந்த பத்திரங்களைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளியவன் நான். அந்த அறையைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது.

நீர்த்தொட்டிக்கு நேரமில்லை. மகள் பேசவில்லை.

இரண்டாம் நாள்

சமாதானமாக, காலையில் ஆயா சோபியா மேல்மாடம். வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 25 யூரோ. பொன் மொசைக்குகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

அப்புறம் துருக்கிய, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். நேற்றுப் பார்த்த பதிவுக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே. 1914-இல் தொடங்கியபோது இதன் பெயர் ‘வக்ஃபு அருங்காட்சியகம்’. மசூதிகளிலும் சமாதிகளிலும் இருந்த கம்பளங்களும் கையெழுத்துப் பிரதிகளும் திருடுபோய் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று சுலைமானியே வளாகத்தின் அன்னசத்திரத்தில் தொடங்கினார்கள். 1983-இல் இந்த இடத்துக்கு மாறியது.

இந்த இடம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இது இப்ராஹிம் பாஷாவின் அரண்மனை. இன்றைய கிரீசிலுள்ள பர்கா என்ற கடலோர ஊரில் பிறந்து, அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, சுலைமான் சுல்தானின் உயிர் நண்பராகி, 1523-இல் தலைமை வசீரானவர். சுல்தானுக்கு அடுத்த ஆள். ஊர் அவரை ‘மக்பூல்’ என்றது, அன்புக்குரியவர் என்று. 1536 மார்ச்சில் ஒரு நாள் இரவு தொப்காபியில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அதன்பிறகு ‘மக்தூல்’, கொல்லப்பட்டவர். சொத்து முழுவதும் சுல்தானிடமே திரும்பியது. அரண்மனை பிற்பாடு படைவீடாகவும் சிறையாகவும் இருந்தது. ஒரு பகுதியை 1939-இல் நீதிமன்றம் கட்ட இடித்தார்கள். சுல்தானின் ஊழியருக்கு எவ்வளவு பெரிய மாளிகை இருந்தாலும் அது சுல்தான் மனம் மாறும்வரைதான். இப்படிப் பறிப்பதை நிறுத்துகிறோம், உயிருக்கும் சொத்துக்கும் உத்தரவாதம் என்று அரசே வாய்விட்டுச் சொன்னது 1839-இல், குல்ஹானே பிரகடனத்தில். முந்நூறு வருடம் பிந்தி. பறிபோன மாளிகையும் பதிவு அலுவலகமும் சுவரை ஒட்டி நிற்பதை இந்த ஊரில் யாராவது யோசித்துப் பார்த்தார்களா தெரியவில்லை.

உள்ளே கம்பளங்களுக்குத்தான் பெயர். உஸ்மானியருக்கு முந்திய செல்ஜுக் காலத்துக் கம்பளங்களெல்லாம் இருக்கின்றன. நான் காகிதம் இருக்கும் பக்கம் ஒதுங்கினேன். துக்ரா போட்ட ஆணைகள், நியமனப் பத்திரங்கள், வக்ஃபு சாசனங்கள். துக்ராவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மேலே மூன்று செங்குத்துக் கோடுகள், இடப்பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முட்டை வளையங்கள், அடியில் பின்னிக்கிடக்கும் எழுத்து. சுல்தான் பெயர், அப்பா பெயர், ‘எப்போதும் வெல்பவர்’. நீலமும் பொன்னுமாக, நெசவு போல நுணுக்கம். சுலைமானின் மனைவி ஹுர்ரெம் 1540-இல் எழுதிவைத்த வக்ஃபு சாசனம் இந்த அருங்காட்சியகத்தின் சொத்துகளில் ஒன்று. உக்ரைன் பக்கத்திலிருந்து அடிமையாக வந்த பெண் ஊருக்கு மசூதியும் பள்ளியும் அன்னசத்திரமும் எழுதி வைக்கிறாள். அவள் பெயரில் ஹாசெகி மருத்துவமனை இன்றும் ஓடுகிறது.

வக்ஃபு சாசனங்கள் எழுதும் முறை வேடிக்கையானது. முதலில் இறைவணக்கம், அப்புறம் எந்தக் கடை, எந்தத் தோட்டம், அதன் எல்லை, வருமானம், யாருக்கு எவ்வளவு சம்பளம். கடைசியில் சாபம். இந்தத் தர்மத்தை மாற்றுகிறவன் மீது கடவுள், தேவதூதர், மனிதர் எல்லாருடைய சாபமும் விழட்டும் என்று. “கங்கைக் கரையில காராம்பசுவைக் கொன்ன பாவம் மாதிரியாப்பா?” என்றாள் மகள். அதே. சாட்சி கையெழுத்து போதாது என்று எங்கேயும் தெரிந்திருக்கிறது.

இரவு விடுதியில் கொஞ்சம் படித்தேன். நிலப் பத்திரத்துக்குத் துருக்கியில் ‘தாபு செனெதி’ என்று பெயர். செனெத் நம் சன்னதுதான். குடியானவர்கள் ‘ரெஆயா’, நம் ரயத்து. வாரிசுச் சொத்து ‘மிராஸ்’, நம் மிராசு. துருக்கியர் நமக்குக் கொடுத்ததல்ல. அரபியில் பிறந்த சொற்கள். ஒரு கிளை இவர்கள் கச்சேரிக்குப் போனது, இன்னொன்று பாரசீகம் பேசிய நவாபு கச்சேரிகள் வழியே நம்மிடம் வந்தது. ‘தாபு’ மட்டும் சுத்தத் துருக்கி. பழைய பொருள் ஊழியம், பணிவு. நிலம் சுல்தானுடையது, ஊரின் வரி சிபாஹி என்ற குதிரைவீரனுடையது, குடியானவன் அவனுக்குத் தாபு கட்டணம் கட்டிவிட்டு வயலில் இறங்குவான். கட்டணத்தின் பெயரே பிறகு பத்திரத்தின் பெயராகிவிட்டது. 1847-இல்தான் அதை அரசே துக்ராவோடு ஒரே மாதிரி படிவத்தில் கொடுக்க ஆரம்பித்தது. மே 21-ஐ இன்றும் துறையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். 1858-இல் நிலச் சட்டம்.

மூன்றாம் நாள்

நேற்றுப் பார்த்தவை எல்லாம் சுல்தான், சுல்தானா விவகாரம். எனக்கு வேண்டியது ஒரு குடியானவனின் பத்திரம். அது கண்ணாடிக்குள் இருக்கும் இடம் சட்டால்ஜா என்று மகள்தான் கண்டுபிடித்தாள். பாவம், கோபத்திலும் தேடிக் கொடுத்தாள். நகரத்துக்கு மேற்கே 50 கிலோமீட்டர் போல. இரண்டு பேருந்து மாறி, முதல் பேருந்தில் எதிர்த்திசையில் நாலு நிறுத்தம் போய், திரும்பி வந்து, மழையில் இறங்கினோம்.

அங்கே இருப்பது மக்கள் பரிமாற்ற அருங்காட்சியகம். 2010-இல் திறந்தது. சின்ன இடம். 1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரீசும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. துருக்கியில் இருக்கும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீசுக்கு, கிரீசில் இருக்கும் முஸ்லிம்கள் துருக்கிக்கு. விருப்பம் கேட்கவில்லை, கட்டாயம். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் கிரீசின் மேற்கு திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. போரிலேயே ஓடிப்போனவர்களையும் சேர்த்து சுமார் 12 லட்சம் பேர் அந்தப் பக்கம், சுமார் 4 லட்சம் பேர் இந்தப் பக்கம். மொழியைப் பார்க்கவில்லை, மதத்தைத்தான் பார்த்தார்கள். கிரீட் தீவு முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி கிரேக்கம். நடுத் துருக்கியிலுள்ள கப்படோக்கியாவின் கிறிஸ்தவர்கள் பலருக்குத் துருக்கிதான் தெரியும். போன இடத்தில் இரண்டு தரப்பும் வாய் திறந்தால் அந்நியர்.

துணிமூட்டை, கல்யாண உடுப்பு, செப்புப் பாத்திரம், குடும்பப் படம். கப்பலில் தூக்கி வரக்கூடியவை. அவற்றுக்கு நடுவே மடிப்புகளில் பழுத்துப்போன ஒரு தாள்.

ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனாலும் படித்தேன் என்று சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்கள் நம்புவார்கள். மேலே அச்சிட்ட துக்ரா. அதன் வலப்பக்கத் தோளில் சின்னதாக ஒரு சொல் தனியாக நின்றால் அது பெரும்பாலும் ‘காஸி’ பட்டம், இரண்டாம் அப்துல்ஹமீது காலம் என்று நேற்றிரவுதான் படித்திருந்தேன். நின்றது. அடியில் கட்டம் போட்ட படிவம். அச்செழுத்து நெட்டாக, நடுவே நாணல் பேனாவால் நிரப்பிய எழுத்து சாய்ந்து, கடைசி வரிகள் இடம் போதாமல் நெருக்கியடித்து. அந்த எழுத்தரை எனக்குத் தெரியும். மாவட்டம், வட்டம், ஊர், நிலத்தின் வகை, பரப்பு, நாலு பக்கம். இடது கீழே முத்திரை.

காவலாக இருந்த பெரியவருக்கு ஆங்கிலம் வராது. எங்களுக்குத் துருக்கி வராது. மகளின் போன் நடுவில் மொழிபெயர்த்தது. செலானிக் மாகாணம், அதாவது இன்றைய தெசலோனிகி. ஒரு சிற்றூர். வகை: வயல். பரப்பு: 6 தோனும். நாற்பது முழக்கோலுக்கு நாற்பது ஒரு பழைய தோனும், 919 சதுர மீட்டர். மனக்கணக்காகப் போட்டேன், ஒரு ஏக்கர் 36 சென்ட். ஒரு பக்கம் இன்னாருடைய வயல், இன்னொரு பக்கம் இன்னாருடைய தோட்டம், மூன்றாவது ஓடை, நாலாவது ‘தாரிக்-இ ஆம்’, பொதுப்பாதை. செக்குபந்தி, நாலெல்லை விவரம்! ஆயிரக்கணக்கில் நகலெடுத்திருக்கிறேன், இன்னார் நஞ்சைக்கும் கிழக்கு, பொதுப் பாதைக்கும் தெற்கு என்று. சர்வே எண் இல்லாத காலத்தில் நிலத்துக்கு அடையாளம் அண்டை வீட்டுக்காரர்தான்.

வருடத்தில் மாட்டிக்கொண்டேன். அரபு இலக்கங்களைப் பழகி வந்திருந்தேன். ஒன்று, மூன்று, ஒரு புள்ளி, ஒரு வட்டம். “130-க்கு நடுவில புள்ளி வச்சிருக்கான்மா” என்றேன். பெரியவருக்குப் போன் சொல்லாமலே புரிந்துவிட்டது. சிரித்து, வட்டத்தைக் காட்டி ஐந்து விரல் காட்டினார். அவர்கள் எழுத்தில் புள்ளிதான் பூஜ்ஜியம், வட்டம் ஐந்து. ஆக 1305. அதுவும் ஹிஜ்ரி அல்ல, ரூமி. சந்திரக் கணக்கில் வருடம் அறுவடையைவிட்டு நழுவிக்கொண்டே போகும் என்பதால் வரிக்கென்று மார்ச் முதல் தேதி தொடங்கும் சூரிய வருடம் வைத்திருந்தார்கள். 584 கூட்டினால் 1889. நம் வருவாய்த்துறைக் கணக்கு வருடமான பசலிக்கு 590 கூட்டிக் கூட்டித் தேய்ந்த என் மூளை இதை உடனே ஏற்றுக்கொண்டது. அக்பர் காலத்தில் பசலி பிறந்ததும் இதே அறுவடைத் தகராறில்தான்.

பத்திரம் ஒரு பெண் பெயரில் இருந்தது. இன்னார் மகள் இன்னார். மகள் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து, “முஸ்லிம் சட்டத்துல பொண்ணுக்குப் பாதி பங்குதானேப்பா?” என்றாள். வீட்டுக்கும் மனைக்கும் அப்படித்தான். அவை முழுச் சொந்தம், ‘முல்க்’. வயல் அப்படியில்லை. அது ‘மீரி’, அரசு நிலம். குடியானவனுக்கு அனுபவ உரிமை மட்டும். காரணமில்லாமல் மூன்று வருடம் தரிசாகப் போட்டால் அந்த உரிமையும் போகும். சொத்தே அல்ல என்பதால் வாரிசுச் சட்டம் அதைத் தொடாது. அரசு தன் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமம் என்று எழுதிவிட்டது, 1858-இல். முழு உரிமை இல்லாத இடத்தில் சம உரிமை. நம்மூரில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989. அதற்கப்புறம் என் மேஜைக்கு வந்த, பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரங்களின் எண்ணிக்கையை அவளிடம் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணோ அவள் பிள்ளைகளோ 1923-க்குப் பிறகு இந்தத் தாளைத் துணியில் சுற்றிக் கப்பலேறியிருக்கிறார்கள். மூடத்தனம் அல்ல. விட்டு வந்த சொத்துக்கு ஈடு தருவதாக ஒப்பந்தமே சொன்னது. ‘தஸ்ஃபியே தலெப்நாமெசி’ என்று ஒரு மனு. அதில் வயல், வீடு, மரம், மதிப்பு எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பிட 11 பேர் கொண்ட கலப்பு ஆணையம். துருக்கியர் 4, கிரேக்கர் 4, நடுநிலையாளர் 3. பல லட்சம் பேர், ஒவ்வொருவரிடமும் ஒரு செக்குபந்தி. அந்த ஓடையும் பொதுப்பாதையும் இப்போது வேறு நாட்டில். அண்டை வயல்காரரே வேறு கப்பலில் வந்துவிட்டார், சாட்சி சொல்ல அங்கே யாரும் மிச்சமில்லை. ஆணையம் முடிக்கவில்லை. 1930 ஜூனில் அங்காராவில் இரண்டு அரசும் உட்கார்ந்து, அவரவர் நாட்டில் விட்டுப்போன சொத்து அந்தந்த நாட்டுக்கே என்று கணக்கை நேர் செய்துகொண்டன.

பத்திரம் என்பது பாதிதான். மீதிப் பாதி பேரேட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்க்க ஒரு கச்சேரியும், அது சொன்னால் கேட்கும் ஒரு தாசில்தாரும் இல்லாவிட்டால் துக்ரா வெறும் பூவேலை. எங்கள் அலுவலகத்தில் கறையான் தின்ற தொகுதிகளை வைத்துக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே தலைகீழ். தாளில் கறையான் இல்லை.

பெரியவர் டீ கொடுத்தார். அவருடைய பாட்டியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தானாம். பத்திரம் இருந்ததா என்று கேட்டேன். போன் என்ன மொழிபெயர்த்ததோ, “ஒரு பசு இருந்தது” என்றார்.

நாலாம் நாள்

மகளின் நாள். காலையில் நீர்த்தொட்டி (அருமை, முதல் நாளே போயிருக்கலாம், ஒப்புக்கொண்டேன்), மதியம் பெரிய பஜார். அவள் விளக்கு பேரம் பேசிய நேரத்தில் நான் பெயாஸித் மசூதிப் பக்கத்துப் பழைய புத்தகச் சந்தையில் நுழைந்தேன். அங்கிருந்து ஒரு சந்து தள்ளி, பழைய காகிதம் விற்கும் ஒரு கடை. தபால் அட்டைகள், கல்யாணப் படங்கள். ஒரு பெட்டி நிறைய தாபு.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆங்கிலம் நன்றாகப் பேசினார், தாபுவைப் படிக்கத் தெரியாது. 1928 நவம்பரில் எழுத்தை லத்தீனுக்கு மாற்றிய நாடு இது. தாத்தாவின் பத்திரத்தைப் பேரன் எழுத்துக்கூட்டக்கூட முடியாது, படித்துச் சொல்லத் தனியாக ஆள் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். விலை ஒன்றுக்கொன்று தாறுமாறாக இருந்தது. பரப்புக்குத் தகுந்த மாதிரியா என்று கேட்டேன், விளையாட்டாகத்தான். இல்லை, துக்ராவுக்கு. மேலே அச்சு தெளிவாக இருந்தால் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள், விலை ஏறும். அடியில் எழுத்து கறைபட்டிருந்தாலோ கிழிந்திருந்தாலோ பரவாயில்லை, சட்டத்துக்குள் மடித்துவிடலாம்.

விளக்கோடு வந்து சேர்ந்த மகள், “ஒண்ணு வாங்கிக்கோங்களேன்ப்பா, நான் தரேன்” என்றாள். பழம்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துப்போக இங்கே சட்டம் விடாது, விமான நிலையத்தில் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அடுத்தவர் மூலப்பத்திரத்தைக் கையில் வைத்திருப்பது எங்கள் தொழிலில் அபசகுனம். படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்றேன். தாராளமாக என்றார்.

நாலு எல்லையும் எழுதியிருந்த கட்டம் சட்டகத்துக்குள் வரும்படி போனைத் தாழ்த்தினேன். ஒரு காபிக் கறைக்கு மேல் ‘தாரிக்-இ ஆம்’ என்ற எழுத்துக் கூட்டம் தெரிந்தது, நேற்றுப் பெரியவர் விரல் வைத்துக் காட்டிய அதே வளைவு. கடைக்காரர் என் கைக்கு மேலே எட்டி, “இந்தப் பக்கம் சார், இதுதான் தலைப்பு” என்று சொல்லி, துக்ரா கேமராவுக்கு நேராக வரும்படி தாளைக் கீழே இழுத்துவிட்டார்.